உன் மாமா காத்த தீட்டு

ரவி,

இதை நேரில் சொல்லியிருக்கலாம். தினமும் ஆம்பூர்த் தோல் கம்பெனியிலிருந்து வந்து நீ சாப்பிட உட்காரும்போது நானும் எதிரில்தான் உட்காருகிறேன். ஆனால் நேரில் பேசினால் என்ன நடக்கும் என்று நம் இருவருக்குமே தெரியும். நீ குரலை உயர்த்துவாய். நான் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே செம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். ஒரு பையனைக்கூட உரக்க அதட்டியதில்லை. அதைப் பொறுமை என்று ஊரில் சொல்வார்கள். அது பொறுமை இல்லை என்பது எனக்குத் தெரியும். காகிதத்தில் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க முடிகிறது, அதனால் எழுதுகிறேன். எழுதி, அடித்து, திரும்ப எழுதியிருக்கிறேன். கையெழுத்து சில இடங்களில் கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும். பல வருஷம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. உன்னைப் போட்டியில்லாமல் தலைவராக்குவதென்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று. மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்து, காலனிச் சாவு எதையும் பெரிய தெரு வழியாக விடமாட்டேன் என்று நீ சத்தியம் செய்ய வேண்டும். "உங்க மாமா காத்த வழி, நீ காப்பாத்துடா" என்று அவர்கள் சொன்னபோது உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மாமாவின் நாற்காலி, மாமாவின் பேர். அவருக்கு ஆண் பிள்ளை இல்லையென்று போன வருஷம் அவருக்குக் கொள்ளி வைத்ததும் நீதான். உன் பெருமிதத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கும். அந்தப் பிடித்தம் இந்தக் கடிதத்தை எழுதுவதை இன்னும் கஷ்டமாக்குகிறது.

அந்த வழியைச் சாத்தியது எப்படி என்று உனக்குச் சரியாகத் தெரியாது. அப்போது நீ வேலூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். காலனிக்காரர்கள் தங்கள் இடுகாட்டுக்குப் போக நேர் வழி நம் பெரிய தெருதான். அதை விட்டால் தோல் பதனிடும் டேனரியின் கழிவு வாய்க்காலை ஒட்டி இறங்கி, பாலாற்று மணலில் ஊரைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். சர்க்கார் ரோடு, எல்லோருக்கும் பொது, நாங்களும் இப்படித்தான் போவோம் என்று அந்த வருஷம் அவர்கள் ஒரு மனு போட்டார்கள். அன்று சாயங்காலமே உன் மாமா நம் வீட்டுக்கு வந்தார். டேனரிகளுக்கு விற்கும் தன் ஆவாரம்பட்டை மண்டியிலிருந்து நேராக வந்ததால் சட்டையெல்லாம் பட்டைத் தூள். "மாப்ள, கலெக்டருக்கு ஒண்ணு எழுதணும். காரமா எழுதுங்க." காரம் வேண்டாம் மச்சான், காரணம் எழுதலாம் என்றேன். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நடமாடும் வீதி, பிரேத ஊர்வலத்தால் பொதுச் சுகாதாரம் கெடும், ஆகையால் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ள ஆற்று மார்க்கமே உகந்தது என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இன்னா மாப்ள இது! நம்ம ஆத்திரத்துக்குக் கோட்டு சூட்டு மாட்டி உட்டுட்டீங்களே!" நானும் சிரித்தேன். நம் ஊர்ச் சாவுகளும் அதே தெருவில்தான் போகின்றன, அவற்றுக்குச் சுகாதாரக் கேடு கிடையாதா என்று ஒரு கேள்வி எனக்கு அப்போதே தோன்றியது. எழுதும்போதே தோன்றியது. நல்ல வேளையாகக் கலெக்டர் ஆபீசில் யாருக்கும் தோன்றவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மேடையில் அவர் பேசுவதை நீ கேட்டிருக்கிறாய். "ஊரு எண்ணெய், காலனி தண்ணி. ஒரே சட்டியில இருக்கலாம், ஒண்ணா கலக்க முடியுமா?" என்பார். கைதட்டல் எழும். வேலூரில் கட்சிக் கூட்டம் என்றால் சமத்துவம், சகோதரத்துவம் என்று வேறு பேச்சு. இரண்டையும் எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஒரே பேனா. அதில் எனக்குக் கூச்சம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இருந்தது, ஆனால் பேச்சு நன்றாக அமைந்ததில் ஒரு திருப்தியும் இருந்தது. படித்தவனுக்கு வரும் நோய் அது. உனக்கும் படிப்பு இருக்கிறது, அதனால் சொல்லிவைக்கிறேன்.

அந்தக் கார்த்திகை மாதம் மழை விடவே இல்லை. எப்போதும் வறண்டு கிடக்கும் பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. ஜனங்கள் வாணியம்பாடிப் பக்கமிருந்தெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்போதுதான் காலனியில் ஒரு சாவு. ஆற்றில் இறங்க முடியாது, அதனால் தெரு வழியாக வரப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் உன் மாமா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செத்தது யார் என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. காலனிச் சாவு, அவ்வளவுதான். பிள்ளையார் கோயில் முனையில் நம் ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தோம். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். ஆற்று வழியே போதும் என்று வந்திருந்த கலெக்டர் உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

பாடை வந்தது. பறை நனைந்து போயிருந்ததால் அடிக்கவில்லை. முன்னால் ஒருவன் கொள்ளிச் சட்டியோடு வந்தான், அணையாமல் இருக்கத் தலையிலிருந்து ஒரு சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு. உன் வயதுதான் இருக்கும். காலனிப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, ஆத்துல ஆள் முழுகற தண்ணி போவுது. இந்த ஒரு வாட்டி உடுங்க."

"ஒரு வாட்டி உட்டா அதான் வழின்னு ஆயிடும். தண்ணி எறங்கட்டும்."

"எப்ப எறங்கும்னு யாரு கண்டா? ரெண்டு நாளா வெச்சினு இருக்கறோம், ஐயா. பொம்பள சாவு."

பின்னாலிருந்து நம் ஆள் ஒருவன் கத்தினான். "நீந்திக்கினு போங்கடா! மீனுங்களும் பாக்கட்டும் உங்க ஊர்கோலத்த!" எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமாவும் லேசாகச் சிரித்தார். அப்போது அந்தப் பெரியவர் சொன்னார்: "நம்ம அஞ்சலைங்க ஐயா. உங்க மண்டியிலகூட முன்ன பட்டை நறுக்கினு இருந்துதே. அதான்."

மாமாவின் சிரிப்பு நின்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. நான் அருகில் நின்று பார்த்தவன். அவர் முகம் கோணவில்லை, கண் கலங்கவில்லை. கத்தியவன் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சடாரென்று திரும்பி, அவனை அறைந்தார். "வாய மூடுடா நாயே!" என்றார். வழி விடப்போகிறார் என்று நினைத்தேன். காலனிக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், தோள் மாற்றிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார்கள். அவர் பழையபடி அவர்கள் பக்கம் திரும்பி, குடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "சொன்னா சொன்னதுதான். திரும்பிப் போங்க" என்றார். கொள்ளிச் சட்டி வைத்திருந்தவன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அந்தப் பெண்ணைக் காலனிக்குப் பின்னால் டேனரி முதலாளியான ஒரு சாயபு விட்டுக்கொடுத்த மூலையில் புதைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இதுவரை ஊருக்கே தெரியும். இனி எழுதப்போவது நம் வீட்டுக்குள் இருப்பது.

உன் மாமா அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. நம் வீட்டுக்கு வந்தார். பின்கட்டுக் கிணற்றடிக்குப் போய், உடுத்திய வேட்டி சட்டையோடு வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். உன் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். நம் ஜனத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். வழியில் சாவு எதிர்ப்பட்டால் காலைக் கழுவினால் போதும். கட்டிய துணியோடு தலைக்கு ஊற்றிக்கொள்வது ரத்த சம்பந்தம் உள்ளவர்களும் தாலி சம்பந்தம் உள்ளவர்களும்தான்.

"இன்னாண்ணா? யாரு பூட்டாங்க?" என்று பதறினாள்.

"யாருமில்ல. மழையில நனஞ்சிட்டேன்."

"மழையில நனஞ்சவன் தலையத் தொவட்டுவான். கெணத்துத் தண்ணிய எடுத்து எதுக்கு மேல ஊத்திக்கிறான்?"

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். "இன்னிக்கு எனக்குச் சோறு வாணாம்னு அவ கிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். அவள் என்றால் உன் அத்தை. உன் அம்மா கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "செத்தது யாரு?" என்று என்னிடம் கேட்டாள். பெயரைச் சொன்னேன். "பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் திருக்கார்த்திகை. கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துவது ஊர்த் தலைவரின் மரியாதை. அதற்காகக் கட்சியைக்கூட விட்டுக்கொடுப்பார் உன் மாமா. அந்த வருஷம் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று என்னை அனுப்பினார். நான் பயந்து பயந்து எட்ட நின்று தீப்பந்தத்தை நீட்ட, கூட்டத்தில் ஒருவன், "வாத்யாரே, கிட்ட போங்க, அது கரும்பலகை இல்ல, கடிக்காது!" என்று கத்தினான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "தீட்டுக்காரன் கோயில் நெருப்பத் தொடலாமா? அதான் உங்கள அனுப்பியிருக்கான்" என்றாள். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். உன் மாமாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மண்டியில் அஞ்சலையோடு பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. ஒரு பிள்ளை. அந்தப் பெண் அதன் பிறகு மண்டிக்கு வராமல் டேனரியில் தோலுக்கு முடி எடுக்கும் வேலைக்குப் போய்விட்டாள். "அண்ணிக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியும். மண்டியில மூட்டை தூக்கறவனுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. நீங்க படிச்சவரு" என்றாள்.

ரவி, இதில் நான் பல வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்த இடம் ஒன்று இருக்கிறது. அவர் வேஷக்காரர் என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போய்விடும். ஆனால் அவர் தீட்டை உண்மையாகவே நம்பினார். நம்பியதால்தான் அவளை நம் தெருவில் விடவில்லை. நம்பியதால்தான் அவளுக்காகக் குளித்தார், பட்டினி இருந்தார், கோயில் பக்கம் போகவில்லை. பெண்டாட்டிக்குக் காக்க வேண்டியதை அவளுக்குக் காத்தார், ஒருவருக்கும் தெரியாமல். அம்மனிடம் பொய் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. மழையில் பாடையைச் சுமந்து நின்றவர்களிடம் அவள் யாரோ போல நடிக்கத் துணிவு வந்தது. அவருக்கு அவள்மேல் பிரியம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இருந்ததென்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. அவள் விரும்பித்தான் அவரிடம் பழகினாளா என்பதும் தெரியாது. மண்டி முதலாளியிடம் கூலிக்கு வந்தவள் அவள். அதை யாரும் அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளை யாரென்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். போன வருஷம் மாமா காரியமெல்லாம் முடிந்து, மொட்டைத் தலையோடு நீ கம்பெனிக்குப் போன அன்று ராத்திரி, சாப்பிடும்போது ஒரு வேடிக்கை என்று சொன்னாய். உன் செக்‌ஷனில் தோல் வெட்டும் சேகரும் மீசையெல்லாம் மழித்து மொட்டையோடு வந்திருந்தானாம். "இன்னாடா, எனக்குப் போட்டியா? திருப்பதியா பழனியா?" என்று கேட்டாயாம். "வீட்ல ஒரு சாவு, சார்" என்றானாம். "அவனுக்கு அம்மா எப்பவோ பூட்டாங்க, அப்பன் யாருன்னே தெரியாது. யாருக்குடா மொட்ட போட்டுக்கினான்?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாய். உன் அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். பல்வலி என்றாள். அவளுக்குப் பல்வலி இல்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் கொள்ளிச் சட்டியோடு நின்றவன்தான் சேகர். தன் தாய்க்கு வழி விடாதவர் யார் என்று அவனுக்கு அன்றே தெரியும் போலிருக்கிறது. தெரிந்தும் அவருக்கு மொட்டை போட்டுக்கொண்டான். ஏன் போட்டுக்கொண்டான் என்று நான் அவனைக் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அவனிடம் மாமாவின் முகச்சாயலைத் தேடாதே. அவன் அவன் அம்மா மாதிரி.

இப்போது அந்த வழிக்காகத் திரும்பவும் மனு போட்டிருப்பவர்களில் அவனும் ஒருவன். போன வாரம் நீ, "இந்த சேகரு ரொம்ப துள்றான், மானேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா சீட்டு கிழிஞ்சிடும்" என்றாய். அன்றைக்குத்தான் எழுதுவதென்று முடிவு செய்தேன். ஆதாரம் எங்கே என்று நீ கேட்பாய். காகிதம் எதுவும் கிடையாது. ஒரு ஈர வேட்டியும், உன் அம்மாவின் வாயும், அவன் மொட்டையும்தான். வேண்டுமானால் உன் அத்தையிடம் போய்க் கேள். கேட்காமல் விட்டால் அவளுக்கு இன்னும் நல்லது. இதை வைத்து நீ மாமாவை வெறுக்க வேண்டுமென்று எழுதவில்லை. சேகரை மச்சான் என்று கூப்பிடச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை, அதை அவன் விரும்புவானா என்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை அந்தச் சூடத்தை அணைக்காதே, அவன் வேலையில் கை வைக்காதே. இவ்வளவுதான் கேட்கிறேன். தலைவர் பதவி போகும். நம் ஜனத்தில் சிலர் வீட்டு வாசல் மிதிக்க மாட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தெரிந்தே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் யோசி. அந்தத் தெருமுனையில் ஒருநாள் நீ நிற்க வேண்டி வரும். சத்தியம் செய்தவன் நிற்காமல் இருக்க முடியாது. உன் பக்கத்திலும் என்னைப்போல ஒருவன் உத்தரவு நகலோடு நிற்பான். எதிரே பாடை நிற்கும். யாருடையது என்று நீயும் கேட்க மாட்டாய். மாமா கேட்காமல் நின்றார். கேட்டபிறகும் நின்றார். அவரைவிட நெஞ்சழுத்தம் உனக்கு ஜாஸ்தி என்று நான் நினைக்கவில்லை. அப்படி இருந்துவிடக் கூடாதே என்றும் பயப்படுகிறேன்.

நீ கேட்காமல் போகலாம். என் பேச்சை இந்த வீட்டில் யாரும் கேட்டுப் பழக்கமில்லை, அதற்குக் காரணம் நான்தான். அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உயிரோடு எதிலும் பிடிவாதம் பிடித்ததில்லை. இதில் பிடிக்கிறேன். காலனிச் சாவு அந்தத் தெருவில் போக முடியாத வரைக்கும் என் பாடையும் அந்தத் தெருவில் போகக் கூடாது. ஆற்று வழியாகத்தான் என்னைக் கொண்டுபோக வேண்டும். இதை நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். முதலில், "செத்தவன ஏன் தோண்டறீங்க" என்று சத்தம் போட்டாள். பிறகு முறத்தை எடுத்து அரிசியைப் புடைத்தாள். "அப்ப எனக்கும் அந்த வழிதான். என் அண்ணன் சாத்தின தெரு எனக்கு இன்னாத்துக்கு? அதையும் சேத்து எழுதிக்குங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

கொள்ளிச் சட்டியோடு முன்னால் போக வேண்டியவன் நீ. நம் வீட்டுக் கொல்லைப் பக்கமாக எடுத்தால் காலனிக் கைப்பம்பு வரும், அங்கிருந்து இடது பக்கம் திரும்ப வேண்டும். டேனரி வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் கல் வழுக்கும், தூக்குகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. கொள்ளி எடுப்பவன் காலில் செருப்பு இருக்கக் கூடாது, ஆனால் அந்தத் தண்ணீர் பட்டால் அரிக்கும், வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் தடவிக்கொள். மணலில் இறங்கியபின் தூரம் அதிகம், நிழல் கிடையாது. மழைக்காலமாக இருந்து ஆற்றில் தண்ணீர் ஓடினால் சட்டியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் மணல் இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று காலால் துழாவிப் பார்த்துவிட்டு, அடுத்த அடி வை.

அப்பா